ஒரு காலத்தில் மலிவாக இருந்த ஆட்டுக்கால், தலை, குடல், கழுத்துக்கறியை இப்போதும் வாங்கலாமா? எப்படிச் சமைத்தால் நன்றாக வரும்?

கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. கறி வாங்க முடியாதவர்கள் வாங்கிக்கொண்டிருந்த காலும் தலையும் குடலும் இன்று நல்ல விலைக்குப் போகின்றன, இனியும் அவற்றை வாங்குவதில் அர்த்தம் உண்டா என்பது ஒன்று. வீட்டில் செய்தால் ஏன் ரப்பராகிறது, ஏன் வாடை போவதில்லை என்பது இன்னொன்று. செம்மறிக் கறியை நம்பி வாங்கலாமா என்பது மூன்றாவது.

வாங்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் காசு மிச்சமாகும் என்று நினைத்து வாங்காதீர்கள், அந்தக் காலம் போய்விட்டது. தொடைக்கறியில் கிடைக்காத ருசி இவற்றில் இருக்கிறது, அதற்காக வாங்குங்கள். கூடவே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையையும் ஒதுக்கி வையுங்கள். இவற்றுக்கு மசாலாவைவிடக் கை வேலைதான் அதிகம் வேண்டும்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்தவன். எண்பதுகளின் கடைசி. வீட்டில் எட்டுப் பேர். கறி எடுப்பது என்றால் தீபாவளி, குலசாமி கும்பிடு, யாராவது விருந்தாளி வந்தால் ஒரு நாள், அவ்வளவுதான். மற்ற ஞாயிறுகளில் அப்பத்தா என் கையில் தூக்குவாளியைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புவாள். குடல் வாங்கி வர வேண்டும், கிடைத்தால் காலும். அரைக் கிலோ கறிக்கு ஆகும் காசில் ஒரு தலையும் நாலு காலும் வாங்கி, மிச்சத்தில் வெங்காயமும் வாங்கலாம். கடைசியாகப் போனால் குடலுக்குக் கடைக்காரர் காசே வாங்கமாட்டார், எடுத்துட்டுப் போ என்று வாளியில் போட்டுவிடுவார்.

அந்த வாளி வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதை நான் இன்றும் அப்படியே சொல்ல முடியும். கொல்லையில் துணி துவைக்கிற கல். பக்கத்தில் விறகடுப்பில் ஒரு அண்டா வெந்நீர். அப்பத்தா முதலில் ஆட்டின் இரைப்பையைக் கீறி, உள்ளே இருக்கும் தழைச் சக்கையை எருக்குழியில் கொட்டுவாள். கைபொறுக்காத சூட்டில் இருக்கும் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து, பையை அதில் முக்கியெடுத்து, சிரட்டை விளிம்பால் சுரண்டுவாள். கறுப்புத் தோல் சுருள் சுருளாக உரிந்து வரும். உள்ளே வெளுத்த நிறத்தில், குளிக்கிற துண்டு மாதிரி சொரசொரவென்று தெரியும். இன்னொரு பகுதி தேனடை போலக் கட்டம் கட்டமாக இருக்கும். இன்னொன்று ஏட்டுக் கட்டைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும், அதை ஒவ்வொரு மடிப்பாக விரித்துக் கழுவ வேண்டும். அப்புறம் சிறுகுடல். ஈர்க்குச்சியின் நுனியில் குடலின் ஒரு முனையை மாட்டி, சட்டைக் கையைப் புரட்டுவது போல மறு கையால் உருவிக்கொண்டே வருவாள். உள்பக்கம் வெளியே வந்துவிடும். நான் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கல்லிலிருந்து வழிகிற தண்ணீர் ஊற்றிய நிறத்திலேயே ஓடும் வரை நிறுத்தமாட்டாள். "இன்னும் ஒரு செம்பு ஊத்து ராசா, இப்பப் பாத்தாத்தான் சாப்பிடையில யோசிக்க வேண்டாம்" என்பாள். முழுதாக இரண்டு மணி நேரம்.

அந்தக் குடல் மலிவாக இருந்ததற்குக் காரணம் அந்த இரண்டு மணி நேரம்தான் என்று எனக்குப் புரிய வெகு காலம் ஆனது. கடையில் கொடுக்காத காசை அப்பத்தாவின் இடுப்பும் கையும் கொடுத்தன. யாராவது குடலையும் காலையும் ஏழைச் சாப்பாடு என்று இளப்பமாகச் சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும். எங்கள் வீட்டில் சமைத்ததிலேயே அதிக வேலையும் அதிகப் பக்குவமும் வாங்கிய பண்டம் அது.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். நான் வாங்கும் கடையில் சென்ற ஞாயிறு கறி கிலோ 900 ரூபாய், நாலு கால் 400 ரூபாய். காலில் எலும்பைக் கழித்துப் பார்த்தால் கறியைவிட விலை அதிகம். இது ஏன் என்று யோசித்தால் கணக்கு எளிது. பதினைந்து கிலோ கறி விழும் பெரிய கிடாய் என்றாலும் அதற்குக் கால் நாலுதான், தலை ஒன்றுதான். சாயங்கால சூப் கடைகளும், காலையில் இடியாப்பமும் பாயாவும் போடும் ஹோட்டல்களும் அந்த நாலு காலுக்குத்தான் போட்டி போடுகின்றன. வீட்டில் சுத்தம் செய்ய ஆளும் நேரமும் இல்லாமல் போனது, சுத்தம் செய்து கொடுக்கும் கூலியும் விலையில் ஏறியது. அமெரிக்காவில் கோழி இறக்கைக்கும் இதுதான் நடந்தது. சூப்புக்குப் போட்டு வேகவைப்பதைத் தவிரப் பெரிதாக மதிப்பில்லாமல் கிடந்த இறக்கையை, 1964இல் பஃபலோ நகரத்தில் ஆங்கர் பார் என்ற கடையில் பொரித்துக் காரச் சாற்றில் புரட்டிக் கொடுத்தார்கள். இன்று உலகம் முழுக்க அதற்குத் தனி விலை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. குடல் குழம்பை வைத்துத்தான் ஞாயிறு கொண்டாடிய எங்கள் ஊர் வீடுகள் பல இப்போது பிராய்லர் கோழிக்கு மாறிவிட்டன. கோழி மலிவு என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

சரி, சமையலுக்கு வருகிறேன். ரப்பராகிறது என்று சொன்னீர்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: வேகவைக்க வேண்டியதைப் பாதியில் நிறுத்துகிறோம், நிறுத்த வேண்டியதை வேகவைத்துக்கொண்டே இருக்கிறோம்.

ஆடு நாள் முழுக்க நடக்கிறது, குனிந்து மேய்கிறது. அதனால் காலும் கழுத்தும் முன்சப்பை என்கிற தோள்பகுதியும் ஓயாமல் உழைக்கிற பகுதிகள். அங்கே சதையைக் கட்டிப் பிடித்திருக்கும் கொலாஜன் அதிகம். சூடு பட்டதும் அது முதலில் சுருங்கி இறுகும். தண்ணீரில் நெடுநேரம் வெந்தால்தான் கரைந்து ஜெலட்டினாக மாறும். பாதி வெந்த கறி முறுக்கேறிப் போய் இருப்பது இதனால்தான். அந்தக் கட்டத்தில் பலர் கறி கெட்டுப்போனது என்று அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். இன்னும் முக்கால் மணி நேரம் விட்டால் அதே கறி பஞ்சாகும். குக்கருக்குள் அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடாகும் என்பதால் விறகடுப்பின் நாலு மணி நேர வேலை ஒரு மணிக்குள் முடிகிறது. ஆனால் விசில் எண்ணாதீர்கள். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள்.

ஈரல் இதற்கு நேர் எதிர். அதில் இந்தக் கட்டு மிகக் குறைவு. சின்ன வெங்காயமும் மிளகும் வதங்கிய சட்டியில் போட்டு ஏழெட்டு நிமிடம் புரட்டினால் போதும், வெட்டினால் உள்ளே சிவப்பு தெரியாத அளவில் இறக்கிவிட வேண்டும். உப்பைக் கடைசியில் போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். கறியோடு சேர்த்துக் குக்கரில் போட்டு ஆறு விசில் விட்ட ஈரலை நான் பல வீடுகளில் சாப்பிட்டிருக்கிறேன். மரத்தூள் மாதிரி இருக்கும். பாவம், ஈரலின் குற்றம் ஒன்றும் இல்லை.

காலுக்குத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு கடையிலேயே ஆரம்பிக்கிறது. முடியைத் தீயில் வாட்டிச் சுரண்டித் தருவார்கள். எதை எரித்து வாட்டினார்கள் என்பது முக்கியம். விறகோ கேஸ் விளக்கோ என்றால் நல்லது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கடையில் அவசரமாக வாங்கிய காலைக் கொதிக்கவைத்ததும் வீடு முழுக்க டயர் எரிந்த நாற்றம். நாலு காலையும் அப்படியே குழி தோண்டிப் புதைத்தேன். அதற்கு அப்புறம் மூக்கில் வைத்துப் பார்க்காமல் காலும் தலையும் வாங்குவதில்லை. நல்ல தீயில் வாட்டிய கால் சுட்ட சோளத்தோல் வாசம் அடிக்கும். அது இருக்க வேண்டிய வாசம், அதைக் கழுவிப் போக்கடிக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் குளம்புக்கு நடுவில் இருக்கும் இடுக்கைக் கத்தி முனையால் கீறிச் சுத்தம் செய்யுங்கள், முடி அங்கேதான் ஒளிந்திருக்கும். அரிசி மாவும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நாலு காலுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், இருபது சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, ஒரு விரல் இஞ்சி, தட்டிய மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒன்று, கொஞ்சம் மஞ்சள். உப்பு பாதி மட்டும், ஏனென்றால் தண்ணீர் வற்றும். ஒரு விசில், அப்புறம் சிறு தீயில் 45 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். முட்டியைக் கரண்டியில் தூக்கினால் தோலும் நரம்பும் தாமாக நழுவி விழ வேண்டும். விழாவிட்டால் இன்னும் கால் மணி நேரம்.

இதை முந்தைய நாள் இரவே செய்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுவது என் வழக்கம். காலையில் பார்த்தால் சாறு முழுவதும் கடல்பாசி போல உறைந்து நிற்கும். பாத்திரத்தைத் தட்டினால் ஆடும். அப்படி உறைந்தால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள், உறையாவிட்டால் தண்ணீர் கூடிவிட்டது அல்லது நேரம் போதவில்லை. மேலே படிந்த கொழுப்பை வழித்துவிட்டுச் சூடாக்கி, அரை மூடித் தேங்காயின் கெட்டிப் பாலை ஊற்றி, கொதி வரும் முன் நுரை கட்டும்போதே இறக்குங்கள். இடியாப்பத்தில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டால் உதடு இரண்டும் லேசாக ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டல்தான் பாயா. புளி, தக்காளி எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. தக்காளி போடுகிற வீடுகளும் உண்டு, அவர்களோடு சண்டை இல்லை.

கால் சூப் குடித்தால் மூட்டு வலி போகும் என்று சொல்வார்கள். ஜெலட்டினும் மற்றப் புரதம் போலத்தான் வயிற்றில் செரிக்கிறது. மருந்தென்று நினைக்காமல் நல்ல சாப்பாடு என்று நினைத்துக் குடியுங்கள்.

தலையைக் கடையிலேயே வெட்டித்தான் வாங்க வேண்டும், வீட்டுக் கத்திக்கு அது அடங்காது. நான் வழக்கமாக வாங்கும் கடையில் புளியமரக் கட்டைமேல் தலையை வைத்ததுமே சொல்லிவிடுவேன், "பாய், மூளை சிதறாம தனியா வேணும்." அவரும், "எத்தனை வருஷமா எடுத்துத் தர்றேன் தம்பி, இன்னைக்கா சிதறப்போகுது" என்பார். நடு மண்டையில் ஒரே போடு, ஓடு இரண்டாகப் பிளக்கும், உள்ளே மூளை முழுதாக இருக்கும். வாழையிலையில் ஏந்தித் தருவார். மூளையை மஞ்சள் தண்ணீரில் போட்டு, மேலே இருக்கும் மெல்லிய சவ்வையும் நரம்பையும் விரலால் எடுத்துவிட்டு, மிளகு உப்போடு முட்டை உடைத்து ஊற்றி மெதுவாகப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மற்ற தலைக்கறியை மல்லி, மிளகு, சோம்பு வறுத்து அரைத்த மசாலாவில் அரை மணி நேரம் சிறு தீயில் விடுங்கள். நாக்கை மட்டும் கொஞ்சம் வேகவைத்து மேல்தோலை உரித்துவிட்டுச் சேர்க்க வேண்டும். கன்னத்துக் கறிதான் தலையிலேயே சிறந்தது. எங்கள் வீட்டில் அது சின்னப் பிள்ளைகளுக்கு.

குடலை இன்று சுத்தம் செய்து விற்கிறார்கள், வாங்கலாம். இருந்தாலும் வீட்டில் ஒருமுறை கல் உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து வெந்நீரில் அலசுங்கள். முதலில் வேகவைக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், வாடையின் பெரும்பகுதி அதோடு போகும். அப்புறம் இஞ்சி பூண்டோடு அரை மணி நேரத்துக்கு மேல் வேகட்டும். எங்கள் பக்கம் ஊறவைத்த மொச்சையைச் சேர்த்துத் தேங்காயும் சோம்பும் அரைத்து ஊற்றிக் குழம்பு வைப்போம். கடலைப்பருப்பு போட்டுக் கெட்டியாகக் கூட்டுவோரும் உண்டு. சோளச் சோறோ கம்பஞ்சோறோ இருந்தால் அதோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

பாய் கடையில் ரத்தம் கிடைக்காது, முஸ்லிம்களுக்கு அது விலக்கு. மற்றக் கடைகளில் அறுப்பு முடிந்த உடனே போனால் கிடைக்கும். அன்றே சமைத்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீரில் கட்டியாக வேகவைத்து, உதிர்த்து, நிறைய சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கிப் போட்டுப் புரட்டித் தேங்காய்ப்பூ தூவினால் ரத்தப் பொரியல். யாழ்ப்பாணத்தார் இதையே ரத்த வறை என்பார்கள்.

சுவரொட்டி என்பது மண்ணீரல். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான், அதனால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். ஈரலைவிட அதிகமாக இரும்புச்சத்து உள்ளது. பிள்ளை பெற்ற பெண்களுக்கும் சோகை பிடித்த குழந்தைகளுக்கும் இதைத் தேடி வாங்கிக் கொடுத்த கிராமத்துப் பழக்கத்தில் நியாயம் இருக்கிறது. மிளகு உப்பு தடவி நன்றாக உள்ளே வரை வேகும்படி கல்லில் சுடுங்கள், அரைவேக்காடு வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். யூரிக் அமிலம் கூடுதலாக உள்ளவர்களுக்கு ஈரல், சுவரொட்டி, மூளை போன்றவை ஆகாது. மூளையில் 100 கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டிக் கொலஸ்ட்ரால் இருக்கிறது, இதய நோய் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

அடுத்து செம்மறி. வெள்ளாடு என்று சொல்லிச் செம்மறியை விற்கிறார்கள் என்று பலர் புலம்புகிறார்கள். சொல்லாமல் விற்பது தப்புதான். ஆனால் செம்மறியே தாழ்ந்த கறி என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, வெம்பூர், கீழக்கரிசல் என்று நம் மண்ணுக்கே உரிய இனங்கள் அவை. எங்கள் கரிசல்காட்டு வெயிலில் மேய்ந்து வளர்ந்த குட்டிக்கு ஈடான கறி அபூர்வம். அந்தத் தனி வாடை இருப்பது பெரும்பாலும் கொழுப்பில்தான், வயது ஏற ஏறக் கூடும். ஆகவே இளங்குட்டியாகப் பார்த்து வாங்குங்கள். கறி வெளிர் சிவப்பாக இருக்க வேண்டும், எலும்பு மெலிதாக இருக்க வேண்டும். வெளிக்கொழுப்பைப் பாதிக்கு மேல் சீவிவிடுங்கள். சோம்பும் மிளகும் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். சூடாகவே பரிமாறுங்கள், செம்மறிக் கொழுப்பு சீக்கிரம் உறைந்து மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும்.

முதல் தடவை செய்கிறவர் என்றால் குடலிலோ தலையிலோ ஆரம்பிக்க வேண்டாம். கழுத்துக்கறியில் ஆரம்பியுங்கள். எலும்பு கூடுதல் என்று எல்லோரும் ஒதுக்குவதால் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். எங்கள் கடையில் கறிக்கு உள்ள விலைதான், ஆனால் சண்டை இல்லாமல் கிடைக்கும். முக்கால் கிலோ, வட்டம் வட்டமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். நல்லெண்ணெயில் ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, நாலு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, கறியைப் போட்டு அதன் தண்ணீர் சுண்டும் வரை கிளறுங்கள். மஞ்சள், உப்பு, இரண்டு தேக்கரண்டி மல்லித்தூள், கறி முங்கும் அளவு தண்ணீர். குக்கரில் ஒரு விசில், அப்புறம் சிறு தீயில் 35 நிமிடம். திறந்து பார்த்தால் கறி எலும்பு வளையத்தை விட்டு விலகி நிற்கும். சாறு இன்னும் தண்ணீராகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். அகலமான இரும்புச் சட்டிக்கு மாற்றி, ஒரு தேக்கரண்டி மிளகும் அரைத் தேக்கரண்டி சோம்பும் பொடித்துத் தூவி, நடுத்தீயில் கரண்டியை அதிகம் போடாமல் சுண்டவிடுங்கள். சுமார் கால் மணி நேரத்தில் சத்தம் மாறும். கொதிக்கிற சத்தம் போய்ப் பொரிகிற சத்தம் வரும், ஓரத்தில் எண்ணெய் பிரியும், மசாலா கறியைக் கவ்விக்கொள்ளும். அப்போது இறக்கி, கறியைத் தட்டில் எடுத்த பிறகு அந்தச் சட்டியிலேயே இரண்டு கரண்டி சுடுசோற்றைப் போட்டுப் பிரட்டி, சமைத்தவர் முதலில் சாப்பிடட்டும்.